கண்ணாடிக் கோபுரத்துக்கும் நாடி பார்க்கணும்!

‘‘டாக்டர், இவ வேலை பார்க்கிற ஆபீஸ் பூரா கண்ணாடிதான். ‘பசுமைக் கட்டடம்’னு வாசல்லயே பட்டயம் மாட்டி வெச்சிருக்காங்க. சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு சர்டிபிகேட் வாங்கின இடமாம். அப்படியிருந்தும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கண் எரிச்சல், தலைவலி, தொண்டை வறட்சி. இது எப்படி டாக்டர்?’’

மகளை அழைத்து வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. பெண்ணுக்கு வயது 26. நாடி பார்த்தேன். நாக்கு, கண், தோல் எல்லாம் பார்த்தேன். பெரிய கோளாறு ஏதும் தெரியவில்லை.

‘‘ஞாயித்துக்கிழமை தலைவலி வருதாம்மா?’’

‘‘வராது சார்.’’

‘‘லீவு போட்டு ஊருக்குப் போனா?’’

‘‘சுத்தமா இல்ல சார்.’’

‘‘எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?’’

‘‘மத்தியானம் மூணு மணிக்கு மேல. மீட்டிங் இருந்தா இன்னும் சீக்கிரமே வந்துடும்.’’

நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, அவர் வாழ்கிற நிலத்தையும் காலத்தையும் பார்க்க வேண்டும் என்பது சித்த மருத்துவத்தின் அரிச்சுவடி. மலையும் காடும் வயலும் கடற்கரையும் உடம்பை எப்படி மாற்றும் என்று நம் முன்னோர் பிரித்து வைத்திருக்கிறார்கள். தென்றல் என்ன செய்யும், வாடை என்ன செய்யும் என்று காற்றுக்கும் குணம் சொன்னார்கள். இந்தக் காலத்தில் ஐந்து நிலங்களோடு ஆறாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் கண்ணாடி நிலம்! நம் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் பாதியை அதற்குள்தான் கழிக்கிறார்கள். அதன் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

‘வைத்தியருக்குக் கட்டடக் கலையில் என்ன வேலை?’ என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கட்டடத்துக்கும் தோல் உண்டு, மூச்சு உண்டு, தாகம் உண்டு, பசி உண்டு. சில சமயம் நோயும் உண்டு.

எந்த ஆபீஸும் தன் மின்சாரக் கணக்கை வாசலில் ஒட்டி வைப்பதில்லை. ஆனால் பட்டயமும் வாங்கி, பிறகு கணக்கும் ஊரறிய வெளிவந்த ஒரு கோபுரம் உலகத்தில் இருக்கிறது. அதை வைத்தே பேசுவோம்.

நியூயார்க்கின் பளிங்குப் பிள்ளை

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் நடுவே, 42-வது தெருவும் ஆறாவது அவென்யூவும் சந்திக்கும் மூலையில் நிற்கிறது ‘பேங்க் ஆஃப் அமெரிக்கா டவர்’. ‘ஒன் பிரையன்ட் பார்க்’ என்பது அதன் இன்னொரு பெயர். 55 மாடி. உச்சி ஊசியோடு சேர்த்து 366 மீட்டர் உயரம். வடிவமைத்தவர்கள் ‘குக் ஃபாக்ஸ்’ என்ற கட்டடக் கலை நிறுவனத்தார். 2004-ல் வேலை தொடங்கி 2009-ல் முடிந்தது. 2010-ல் இதற்கு ‘லீட் பிளாட்டினம்’ என்ற பட்டயம் கிடைத்தது. வணிகப் பயன்பாட்டுக்கான வானளாவிய கட்டடங்களில் இந்த உச்சப் பட்டயத்தை முதலில் வாங்கியது இதுதான்.

அதென்ன ‘லீட்’? அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கவுன்சில் என்ற அமைப்பு 1993-ல் தொடங்கியது. கட்டடங்களுக்கு மார்க் போடும் இந்த முறையை அவர்கள்தான் கொண்டு வந்தார்கள். தண்ணீரை மிச்சப்படுத்தினால் இத்தனை மார்க், மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் இத்தனை, நல்ல காற்றுக்கு இத்தனை, பஸ், ரயில் பக்கத்தில் இருந்தால் இத்தனை என்று பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரிதான். 2009-ல் வந்த விதிப்படி மொத்தம் 110 மார்க். 40 வாங்கினால் பாஸ், 50 வெள்ளி, 60 தங்கம், 80-க்கு மேல் பிளாட்டினம்.

சரி, பிளாட்டினம் வாங்கிய பிள்ளையின் உடம்பைப் பார்ப்போம்.

தோல்: வெள்ளி பூசிய கண்ணாடி

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறிப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு மாதிரி இருக்கும். காரணம் என்ன? வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே வந்துவிடுகிறது. உள்ளே சீட்டையும் தரையையும் சுடவைக்கிறது. சூடேறிய சீட்டிலிருந்து கிளம்பும் வெப்பம் அதே கண்ணாடி வழியாக வெளியே போக முடிவதில்லை. உள்ளே வர வழி, வெளியே போகத் தடை! சாதாரணக் கண்ணாடி ஒற்றையாக இருந்தால் வெயிலின் சூட்டில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும்.

இதைச் சமாளிக்கத்தான் நவீன கோபுரங்களில் இரண்டு கண்ணாடிகளை இடைவெளி விட்டுப் பொருத்துகிறார்கள். உள்பக்கம் கண்ணுக்கே தெரியாத ஓர் உலோகப் பூச்சு. பெரும்பாலும் அது என்ன உலோகம் தெரியுமா? வெள்ளி! தலைமுடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். சூரியனிடமிருந்து வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெளிச்சத்தை உள்ளே விட்டு, இந்தக் கதிரைத் திருப்பி அனுப்புவது வெள்ளிப் பூச்சின் வேலை. நாம் வெள்ளியைப் பற்பமாக்கி மருந்துக்கு வைத்திருக்கிறோம். அவர்கள் கண்ணாடிக்குப் பூசியிருக்கிறார்கள்.

நியூயார்க் கோபுரத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிதான். அதில் பீங்கான் புள்ளிகளையும் சேர்த்துச் சுட்டிருக்கிறார்கள். மேலும் கீழும் புள்ளி நெருக்கமாக இருக்கும். கண் பார்க்கும் உயரத்தில் தெளிவாக இருக்கும். வேடிக்கையும் பார்க்கலாம், வெயிலும் குறையும். நல்ல யோசனைதான்.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. எவ்வளவு உயர்ந்த இரட்டைக் கண்ணாடியாக இருந்தாலும், நடுவில் வெப்பத் தடுப்புப் பொருள் வைத்துக் கட்டிய நல்ல சுவரோடு ஒப்பிட்டால், அது நாலைந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும். சால்வையில் பட்டுச் சால்வையும் உண்டு, கம்பளியும் உண்டு. பட்டு அழகாக இருக்கும். குளிருக்குக் கம்பளிதான் தாங்கும்.

மூச்சு: 95 சதவீதம் வடிகட்டிய காற்று

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது அமெரிக்கா ஆடிப்போனது. கட்டடங்களில் எண்ணெய், மின்சாரச் செலவைக் குறைக்க வழி தேடினார்கள். வெளிக்காற்றை உள்ளே இழுத்தால் அதைச் சூடாக்கவோ குளிராக்கவோ செலவாகும். ஆகவே ‘வெளிக்காற்றைக் குறை, ஜன்னலை அடை’ என்று கிளம்பினார்கள். 1981-ல் அங்கேயுள்ள குளிர்சாதனப் பொறியாளர் சங்கம் எழுதிய விதியில், சிகரெட் பிடிக்காத ஆபீஸ் என்றால் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

என்ன ஆயிற்று? தலைவலி, கண் எரிச்சல், மூக்கடைப்பு, சோர்வு என்று ஆபீஸ் ஆபீஸாகப் புகார். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும், மறுநாள் வந்தால் மறுபடி ஆரம்பம்! 1980-களில் உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனித்துப் பேசத் தொடங்கியது. ‘சிக் பில்டிங் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழில் ‘நோய்க் கட்டடக் குறிகுணம்’ என்று சொல்லலாம். 1989-ல் பொறியாளர் சங்கம் விதியை மாற்றி, ஆபீஸுக்கு ஆளுக்கு 20 கன அடி என்று உயர்த்தியது. நாலு மடங்கு!

மிச்சம் பிடிப்பதாக நினைத்து மூச்சைப் பிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் சாரம். பதினான்கு வேகங்களில் சுவாசமும் ஒன்று என்று சித்த நூல்கள் சொல்கின்றன. எந்த வேகத்தையும் அடக்கக் கூடாது. மனிதனுக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கும் அந்த விதிதான்.

நியூயார்க் கோபுரம் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறது. வெளிக்காற்றை இழுத்து அதிலுள்ள தூசுத் துகளில் 95 சதவீதத்தை வடிகட்டி உள்ளே விடுகிறார்கள். குளிர்ந்த காற்று கூரையிலிருந்து தலையில் கொட்டாமல், தரைக்கடியிலிருந்து மெதுவாக மேலே வருகிறது. காலடியில் வந்து, உடம்புச் சூட்டில் லேசாகி, அழுக்கையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். தலையில் நேரடியாகக் குளிர் காற்று படுவது எப்படி இருக்கும் என்று பீனிச நோயாளிகளைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

நல்ல காற்றால் உண்மையிலேயே லாபம் உண்டா? 2015-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் சைராக்யூஸ் என்ற ஊரில், ஆபீஸ் மாதிரி அமைத்த அறையில் 24 பேரை 6 நாட்கள் வேலை செய்ய வைத்தார்கள். ஒரு நாள் சாதாரண ஆபீஸ் காற்று, இன்னொரு நாள் ரசாயன ஆவி குறைந்த பசுமைக் கட்டடக் காற்று, வேறொரு நாள் அதோடு வெளிக்காற்றும் அதிகம். எந்த நாளில் எந்தக் காற்று என்று அவர்களுக்குத் தெரியாது. மாலையில் யோசிக்கும் திறனுக்குப் பரீட்சை. பசுமைக் காற்று நாளில் மதிப்பெண் 61 சதவீதம் கூடியது. வெளிக்காற்றும் சேர்ந்த நாளில் 101 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு! 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் மூடிய அறையில் மூன்று மணி மீட்டிங் முடித்து வருபவர் ஏன் மந்தமாக இருக்கிறார் என்று புரிகிறதல்லவா?

நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கரியமில வாயு. வெளிக்காற்றில் இது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில்தான் இருக்கிறது. பன்னிரண்டு பேர் ஒரு ஜன்னலில்லாத அறையில் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அது 1,000-ஐத் தாண்ட அதிக நேரம் ஆகாது. அப்போது கொட்டாவி வந்தால் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். அறையைத் திறந்து விடுங்கள்.

தாகமும் பசியும்

இந்தக் கோபுரத்தின் அடித்தளத்தில் 44 ஐஸ் தொட்டிகள் இருக்கின்றன. ராத்திரியில் ஊரில் மின்சாரத் தேவை குறைவு. அப்போது தண்ணீரை ஐஸ் ஆக்கி வைக்கிறார்கள். பகலில் அது உருகும்போது கட்டடத்தைக் குளிர்விக்கிறது. ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நீராகாரம் குடித்து வெயிலைச் சமாளித்தார்களே நம் பாட்டன்மார், அதே தத்துவம்தான்!

மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து, கழிவறைக்கும் குளிர்விக்கும் எந்திரத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆண்கள் சிறுநீர்க் கழிப்பிடத்தில் தண்ணீரே தேவைப்படாத அமைப்பு. கான்கிரீட்டில்கூட சிமென்ட்டின் பங்கைக் குறைத்து, இரும்பு உருக்காலைக் கசடைச் சேர்த்தார்கள். சிமென்ட் செய்யும்போது கரியமில வாயு நிறைய வெளிவரும் என்பதால் இந்த ஏற்பாடு.

இதோடு, கோபுரத்துக்குள்ளேயே இயற்கை எரிவாயுவில் ஓடும் சுமார் 5 மெகாவாட் மின் நிலையம். மின்சாரம் எடுத்த பிறகு மிஞ்சும் சூட்டையும் வீணாக்காமல் கட்டடத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். சோறு வெந்து இறக்கிய பிறகு அந்தத் தணலிலேயே கத்திரிக்காய் சுடுவது மாதிரி.

இவ்வளவும் கேட்டால் ‘அடடா, இதல்லவா கட்டடம்!’ என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கதையின் அடுத்த பாதியைக் கேளுங்கள்.

பட்டயம் சொன்னது ஒன்று, கணக்கு சொன்னது ஒன்று

நியூயார்க் நகராட்சி 2009-ல் ஒரு சட்டம் போட்டது. பெரிய கட்டடங்கள் வருஷா வருஷம் எவ்வளவு எரிசக்தி செலவழித்தன என்று கணக்குக் காட்ட வேண்டும். 2012-ல் அந்தக் கணக்கை நகராட்சி வெளியிட்டது. பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி! 2013-ல் ‘தி நியூ ரிபப்ளிக்’ பத்திரிகை இதை விவரமாக எழுதியது. மன்ஹாட்டன் பகுதியில் இதே அளவுள்ள ஆபீஸ் கட்டடங்களில், சதுர அடிக்கு அதிக எரிசக்தி செலவழித்தது இந்தப் பிளாட்டினம் கோபுரம்தான். 1931-ல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்!

ஏன் இப்படி? கட்டடத்தின் ஒரு கணிசமான பகுதியில் பங்குச் சந்தை வியாபாரம் நடக்கிறது. ஒவ்வொரு மேஜையிலும் நாலைந்து கம்ப்யூட்டர் திரைகள். அவற்றுக்குப் பின்னால் ஓயாமல் ஓடும் பெரிய கம்ப்யூட்டர்கள். அவை மின்சாரம் தின்னும், சூட்டையும் கக்கும். அந்தச் சூட்டைக் குளிர்விக்க இன்னும் மின்சாரம். பட்டயத்துக்கு மார்க் போட்டபோது பார்த்தது கூட்டையும் அடிப்படை எந்திரங்களையும்தான். உள்ளே குடிவருபவர் என்ன செய்வார் என்பது பரீட்சைத் தாளில் இல்லை.

கட்டடத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அங்கே ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். சதுர அடிக் கணக்குக்குப் பதில் ஆள் கணக்கு போட்டால் படம் கொஞ்சம் மாறும். அந்தக் கம்ப்யூட்டர்கள் வேறு கட்டடத்தில் இருந்திருந்தாலும் மின்சாரம் தின்றிருக்கும். இதெல்லாம் சரிதான். ஆனால் பட்டயத்தைப் பார்த்து ‘பூமிக்கு நல்லது’ என்று நம்பியவனுக்கு என்ன பதில்?

எனக்குத் தோன்றுவது இதுதான். பட்டயம் என்பது ஜாதகம் மாதிரி. பிறந்த அன்றைக்குக் கணித்தது. ‘இந்தப் பிள்ளை நன்றாக வாழ வாய்ப்பு உண்டு’ என்று சொல்லும். பிள்ளை இன்றைக்கு எப்படி இருக்கிறான் என்பதை நாடி பார்த்துத்தானே சொல்ல முடியும்? கட்டடத்துக்கு நாடி என்பது மாதா மாதம் வரும் மின்சாரக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு, உள்ளே வேலை செய்பவரின் கண், மூக்கு, தலை!

நியூயார்க் அதைப் புரிந்துகொண்டது. 2019-ல் இன்னொரு சட்டம். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கரியமில வாயு வரம்பு வைத்தார்கள். 2024 முதல் அமல். தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். இதில் பட்டயம் காட்டித் தப்ப முடியாது. உண்மையாகச் செலவழித்ததுதான் கணக்கு.

வயசான உடம்புக்கு வைத்தியம்

அந்த எம்பயர் ஸ்டேட் கதையையும் சொல்லிவிடுகிறேன். 102 மாடி, கல்லும் செங்கல்லுமாக ஜன்னல் வைத்துக் கட்டிய பழங்காலத்து உடம்பு. இடித்துவிட்டுக் கண்ணாடியில் கட்டலாம் என்று யாரும் கிளம்பவில்லை. 2009-ல் வைத்தியம் தொடங்கினார்கள். 6,514 ஜன்னல்களையும் கழற்றி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய படலம் வைத்து, வாயு நிரப்பி, அதே கட்டடத்துக்குள்ளேயே பட்டறை போட்டுச் செப்பனிட்டு மறுபடி மாட்டினார்கள். பழைய கண்ணாடியும் சட்டமும் 96 சதவீதம் திரும்பப் பயன்பட்டன. சூடேற்றும் குழாய்களுக்குப் பின்னால் வெப்பத் தடுப்பு. எரிசக்தியை 38 சதவீதம் குறைப்பது இலக்கு. 2011-ல் இதற்கும் ‘லீட்’ தங்கப் பட்டயம் கிடைத்தது.

புது உடம்பு என்பதற்காக ஆரோக்கியம் என்று அர்த்தமில்லை. பழைய உடம்பு என்பதற்காக நோய் என்றும் இல்லை. பத்தியம்தான் முக்கியம்!

நம்ம ஊர் வெயிலும் கண்ணாடிச் சட்டையும்

நியூயார்க் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 41 டிகிரியில் இருக்கிறது. பனி கொட்டும் ஊர். அங்கே குளிர்காலத்து வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்தால் சுகம். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. இங்கே வெயில் விருந்தாளி அல்ல, வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை! காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் சாய்ந்து வரும் வெயிலை மேலே உள்ள சன்ஷேடுகூடத் தடுக்காது. ஆகவே மேற்குப் பார்த்த கண்ணாடி ஆபீஸில் என்ன நடக்கிறது? மத்தியானம் ஆனதும் திரையை இழுத்துவிட்டு, டியூப்லைட்டைப் போட்டு, ஏ.சி.யைக் கூட்டுகிறார்கள். வெளிச்சத்துக்காகக் கண்ணாடி வைத்து, வெளிச்சத்தை மறைத்து, விளக்குக்குப் பில் கட்டுகிறோம்.

நம் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் இந்த வெயிலுக்குத் தைத்த சட்டைகள். ‘பழைய வீட்டுக்கே போ’ என்று நான் சொல்லவில்லை. ஐம்பது மாடிக்கு முற்றம் வைக்க முடியாது. ஆனால் சுவரையும் கண்ணாடியையும் அளவோடு கலக்கலாம், மேற்குப் பக்கம் மறைப்பு வைக்கலாம். மத்திய அரசின் 2017-ம் ஆண்டு எரிசக்திக் கட்டட விதியும், வெளிச்சுவரில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி வேண்டாம் என்பதைத்தான் நேர் வழியாகக் காட்டியது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். கண்ணாடி மட்டும் விதிவிலக்கா?

அந்தப் பெண்ணுக்குச் சொன்னது

இனி நம் பெண்ணிடம் வருவோம். விசாரித்ததில் மூன்று விஷயம் வெளிவந்தது. அவள் நாற்காலிக்கு நேர் மேலே ஏ.சி. காற்று விழுகிறது. தினமும் ஒன்றிரண்டு மீட்டிங், ஜன்னலில்லாத அறையில். குளிரில் தாகம் தெரியாததால் தண்ணீர் குடிப்பதில்லை. எழுந்து போகச் சோம்பல் பட்டுச் சிறுநீரையும் அடக்குகிறாள். வாதமும் பித்தமும் ஏன் கெடாது?

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1. தலைவலி, கண் எரிச்சல் எந்த நாள், எந்த நேரம், எந்த அறையில் வருகிறது என்று இரண்டு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். லீவு நாளில் வராவிட்டால் இடத்தின் மேல் சந்தேகப்படலாம்.

2. ஏ.சி. காற்று நேரே தலையிலும் கண்ணிலும் படாதபடி இடம் மாற்றிக் கேளுங்கள். முடியாவிட்டால் கழுத்துக்கு ஒரு துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

3. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்திலுள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்ட மறந்துவிடுகிறோம். வேண்டுமென்றே சிமிட்டுங்கள். கண்ணாடிக் கட்டடத்தில் தூரப் பார்வைக்கா பஞ்சம்?

4. தாகம் இல்லாவிட்டாலும் மேஜையில் தண்ணீர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீரை அடக்கவே கூடாது.

5. மீட்டிங் நீண்டால் நடுவே கதவைத் திறந்து ஐந்து நிமிடம் வெளியே வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மர நிழலில் பத்து நிமிடம் நடங்கள்.

6. வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். ஆண்களுக்கு புதன், சனி; பெண்களுக்கு செவ்வாய், வெள்ளி என்பது வழக்கம். வேலை நாளில் முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம். கண்ணுக்குள் எண்ணெய் விட வேண்டாம்.

7. கட்டட நிர்வாகத்திடம் மரியாதையாகக் கேளுங்கள்: ‘வெளிக்காற்று எவ்வளவு வருகிறது? வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள்? மீட்டிங் அறையில் கரியமில வாயு அளவு என்ன?’ பட்டயம் மாட்டிய கட்டடத்தில் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒன்று முக்கியம். லீவு நாளிலும் தலைவலி விடாவிட்டால், பார்வை மங்கினால், வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்தால், மூச்சு வாங்கினால், கட்டடத்தின் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பெண்ணைக் கண் மருத்துவரிடமும் அனுப்பினேன். சிறிய பவர் இருந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டாள். நாற்காலியை இரண்டு வரிசை தள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்தபோது, ‘‘முக்கால்வாசி சரியாயிடுச்சு சார். மீட்டிங் நாள்ல மட்டும் கொஞ்சம் இருக்கு’’ என்றாள். மீதிக் கால்வாசிக்கு மருந்து என்னிடம் இல்லை. அந்த அறைக்குக் காற்று விடுகிறவர் கையில் இருக்கிறது.

அவள் அம்மா மறுபடி கேட்டார்: ‘‘அப்ப அந்த சர்டிபிகேட் பொய்யா டாக்டர்?’’

‘‘பொய் இல்லேம்மா. பிறந்தப்ப குழந்தை மூணு கிலோ இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்தாங்க இல்லியா, அதுவும் நிஜம்தான். அதுக்காக இன்னிக்கு அவ சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு பார்க்காம விட்டுடுவீங்களா?’’

அம்மா சிரித்துவிட்டார். கண்ணாடிக் கோபுரம் கட்டுபவர்களும், பட்டயம் கொடுப்பவர்களும், அதில் குடியிருப்பவர்களும் இதை நினைவில் வைத்தால் போதும். மாதா மாதம் நாடி பாருங்கள்!